தாய்மொழி என்ற அந்த ஒரு கட்டம்



ஜூன் மாதம் பிறந்தால் நம் பங்குகளில் பல குடும்பங்களுக்கு அலைச்சல்தான். பிறப்புச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார் நகல், பாஸ்போர்ட் சைஸ் புகைப்படம் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் காத்திருக்கிறோம். சேர்க்கைப் படிவத்தில் சாதி என்ற இடத்தைப் பல முறை சரிபார்க்கிறோம். பிறந்த தேதியில் ஓர் எண் மாறினால் பதறிப்போகிறோம். ஆனால் 'தாய்மொழி' என்றொரு கட்டம் இருக்கிறதே, அதைத் திரும்பிப் பார்ப்பவர்கள் மிகச் சிலரே. இவ்வாரம் அந்தக் கட்டத்தைப் பற்றிச் சற்றுச் சிந்திப்போம்.

நமக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் நடந்தது இது. பேத்தியை முதல் வகுப்பில் சேர்க்க ஒரு பாட்டி வந்திருந்தார். தலைமை ஆசிரியர் தமிழில் கேட்டார், பாட்டியும் தமிழிலேயே பதில் சொன்னார். பெயர், ஊர், தகப்பனார் தொழில் எல்லாம் கேட்டு எழுதியவர், தாய்மொழி என்ற இடத்தில் மட்டும் கேட்காமலேயே 'தமிழ்' என்று எழுதினார். அதில் அவருக்குத் தீய நோக்கம் எதுவும் இல்லை. வெளியே இன்னும் இருபது பேர் நின்றுகொண்டிருந்தார்கள். ஆனால் அந்த வீட்டில் பேசுவது லம்பாடி மொழி. சில வாரங்கள் கழித்து, "பிள்ளை வாயே திறக்க மாட்டேங்குது, மந்தமா இருக்கு" என்று வகுப்பாசிரியை சொல்லத் தொடங்கினார். தமிழே சரியாகப் புரியாத குழந்தை வாய் திறக்காமல் இருந்ததில் வியப்பு என்ன? பதிவேட்டைப் புரட்டிப் பார்த்திருந்தாலும் அவருக்கு விடை கிடைத்திருக்காது. அதில் 'தமிழ்' என்றுதானே இருந்தது!

நம் மறைமாவட்டம் தர்மபுரி, கிருஷ்ணகிரி ஆகிய இரண்டு வருவாய் மாவட்டங்களையும் உள்ளடக்கியது. 2004 பிப்ரவரி வரை இரண்டும் ஒரே மாவட்டமாகத்தான் இருந்தன. ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் போனால் தெலுங்கும் கன்னடமும் வீட்டு மொழிகள். நகரங்களில் உருது பேசும் குடும்பங்கள் உண்டு. அரூரை அடுத்த சித்தேரி, சிட்லிங்கிப் பகுதிகளில் மலையாளிப் பழங்குடியினர் வாழ்கிறார்கள், சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் லம்பாடித் தண்டாக்களும் இருக்கின்றன. இதில் இன்னொரு சிக்கலையும் சொல்ல வேண்டும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் லம்பாடி மொழி இந்தியின் கீழும், இருளர் மொழி தமிழின் கீழும் தொகுக்கப்படுகின்றன. சிட்லிங்கியில் பேசும் மொழி தில்லியின் அட்டவணையில் இந்தியாகிவிடுகிறது! அந்த வீட்டுப் பிள்ளையிடம் இந்தியில் பேசிப் பாருங்கள், என்ன நடக்கிறதென்று.

ஒரு கட்டத்தில் என்ன எழுதினால் என்ன என்று கேட்கலாம். இங்கேதான் நம்மில் பலர் அறியாத ஒரு செய்தி இருக்கிறது. 1949 ஆகஸ்டில் கூடிய மாகாணக் கல்வி அமைச்சர்கள் மாநாடு ஒரு விதியை வகுத்தது. ஒரு வகுப்பில் 10 பிள்ளைகள், அல்லது பள்ளி முழுவதிலும் 40 பிள்ளைகள் வேறு தாய்மொழி பேசுபவர்களாக இருந்தால், தொடக்க நிலையில் அவர்களுக்கு அம்மொழியில் கற்பிக்க ஆசிரியர் அமர்த்த வேண்டும் என்பதே அது. மொழிவாரி மாநிலங்கள் அமைந்த 1956ல் அரசியலமைப்பில் 350ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர வசதி செய்ய ஒவ்வொரு மாநிலமும் முயல வேண்டும் என்கிறது அது. பின்வந்த ஆண்டுகளில் இன்னொரு ஏற்பாடும் வகுக்கப்பட்டது. எங்கள் பிள்ளைக்கு இந்த மொழியில் கல்வி வேண்டும் என்று பெற்றோர் பள்ளி திறக்குமுன்பே தெரிவிக்கலாம், அதைப் பள்ளி ஒரு முன்பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும் என்பதே அந்த ஏற்பாடு.

ஆக, உரிமை இருக்கிறது. ஆனால் அந்த உரிமையை எண்ணுவது பதிவேடு. வகுப்பில் பன்னிரண்டு கன்னடக் குழந்தைகள் உட்கார்ந்திருந்தாலும், அவர்களில் ஐந்து பேருக்குத் 'தமிழ்' என்று எழுதப்பட்டிருந்தால், காகிதத்தில் ஏழு பேர்தான். பத்து ஆகவில்லை. ஆசிரியர் பணியிடம் கேட்டு மேலே எழுத வழியில்லை.

2006ஆம் ஆண்டு தமிழ் கற்றல் சட்டம் வந்த பிறகு இந்தக் கட்டத்தின் கனம் இன்னும் கூடியது. 2006-07ல் முதல் வகுப்பில் தொடங்கி, ஆண்டுக்கு ஒரு வகுப்பாக, 2015-16ல் பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயப் பாடமானது. தமிழோ ஆங்கிலமோ தாய்மொழியாக இல்லாதவர்கள் தங்கள் மொழியை விருப்பப் பாடமாகப் படிக்கலாம் என்றும் அச்சட்டம் இடம் கொடுத்தது. இந்த மண்ணில் வாழும் பிள்ளைகள் தமிழ் கற்க வேண்டும் என்பதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பல பள்ளிகளில் தமிழாசிரியர் இல்லாமலேயே ஆண்டுகள் ஓடின என்ற குறையோடு மொழிச் சிறுபான்மையினர் நீதிமன்றம் சென்றார்கள். 2016ல் சென்னை உயர் நீதிமன்றம் தேர்வில் விலக்கு அளித்தது. 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்த ஆண்டுத் தேர்வுக்கும் விலக்கை நீட்டித்தது. விலக்கு வேண்டுமென்றால், தான் மொழிச் சிறுபான்மையைச் சேர்ந்தவன் என்று மாணவன் காட்டியாக வேண்டும். பத்தாம் வகுப்பில் அவனுக்குத் தேவைப்படும் சான்று, ஆறு வயதில் யாரோ அவசரமாக எழுதிய ஒரு சொல்.

எழுதுபவர்களைக் குறை சொல்வது எளிது. நம் தொடக்கப் பள்ளிகளில் எழுத்தர் பணியிடமே கிடையாது. தலைமை ஆசிரியரே பாடம் நடத்தி, சத்துணவைப் பார்த்து, எமிஸ் இணையதளத்திலும் விவரங்களை ஏற்ற வேண்டும். 2022-23 முதல் மத்திய அரசின் யூடைஸ் பதிவிலும் ஒவ்வொரு மாணவரின் விவரமும் தனித்தனியே கேட்கப்படுகிறது. மலையோரப் பள்ளிகளில் இணைய இணைப்பு எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. அவசரத்தில், திரையில் முதலில் தெரியும் மொழியின்மேல் விரல் போகத்தான் செய்யும்.

பெற்றோர் பக்கமும் ஒரு தயக்கம் உண்டு. 'கன்னடம்' என்று சொன்னால் பிள்ளையை வேறு பள்ளிக்குப் போகச் சொல்வார்களோ, சலுகை ஏதும் போய்விடுமோ என்று அஞ்சி, "தமிழ்னே போடுங்க சார்" என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறோம். பலருக்கு இப்போது வேண்டியது ஆங்கில வழிக் கல்வி. அது அவர்கள் விருப்பம். தாய்மொழியைச் சரியாக எழுதுவதற்கும் பயிற்று மொழியைத் தேர்ந்தெடுப்பதற்கும் தொடர்பில்லை, இரண்டும் வேறு வேறு கட்டங்கள் என்பதை மட்டும் அவர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பெங்களூருக்குக் கட்டட வேலைக்குச் சென்று திரும்பும் குடும்பங்களின் நிலை இதற்கு நேர் எதிரானது. வீட்டில் பேச்சு தமிழ்தான், பதிவேட்டிலும் 'தமிழ்' என்று சரியாகவே எழுதப்படுகிறது. ஆனால் மூன்றாம் வகுப்பு வரை அங்கே கன்னடத்தில் படித்த பிள்ளைக்குத் தமிழில் ஓர் எழுத்தும் தெரியாது. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும், மாற்றுச் சான்றிதழ் தாமதமானால் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. நல்ல சட்டம். ஆனால் நான்காம் வகுப்பில் வந்து உட்காரும் அந்தப் பிள்ளை எந்த எழுத்தை வாசிக்கும் என்பதைத் தாய்மொழிக் கட்டம் சொல்லாது. 'முன்பு எந்த மொழியில் படித்தாய்?' என்ற இன்னொரு கேள்வியையும் வாய் திறந்து கேட்க வேண்டும்.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய சிக்கல் அல்ல. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில், ஆங்கிலம் புரியாத சுமார் 1,800 சீன மாணவர்களுக்கு எந்தத் தனி உதவியும் இல்லை என்று தொடர்ந்த வழக்கில், 1974ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் மாணவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. எல்லாருக்கும் ஒரே புத்தகமும் ஒரே ஆசிரியரும் கொடுத்துவிட்டால் அது சமத்துவம் ஆகிவிடாது என்றது அத்தீர்ப்பு. இன்று அங்கே பள்ளியில் சேரும்போது வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்று எழுத்தில் கேட்பது பரவலான வழக்கம்.

நம் பங்குகளில் திருமுழுக்குப் பதிவேட்டின் அருமை எல்லாருக்கும் தெரியும். ஒரு பெயரில் எழுத்துப் பிழை இருந்தால் இருபது ஆண்டுகள் கழித்துத் திருமண ஓலை வாசிக்கும் நேரத்தில் எவ்வளவு அலைய வேண்டியிருக்கிறது! அந்த விழிப்பில் பாதியைப் பள்ளிப் படிவத்தில் காட்டினால் போதும். பங்கில் படித்த இளைஞர்கள் இருக்கிறார்கள். ஜூன் முதல் வாரத்தில் இரண்டு நாள் படிவம் நிரப்ப உதவலாம். ஏற்கெனவே சேர்ந்த பிள்ளைகளின் பெற்றோர், எமிஸ் பதிவில் என்ன மொழி இருக்கிறது என்று தலைமை ஆசிரியரிடம் கேட்டுப் பார்க்கலாம்.

அந்தப் பாட்டியின் பேத்திக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அரையாண்டுத் தேர்வு முடிந்து நடந்த பெற்றோர் கூட்டத்தில் யாரோ சொல்லித்தான் விஷயம் தெரிந்தது. "முன்னாடியே சொல்லியிருக்கலாமே பாட்டி" என்றார் தலைமை ஆசிரியர். "நீங்க கேக்கலையே சார்" என்றார் பாட்டி. பதிவு திருத்தப்பட்டது. நான்காம் வகுப்பில் படித்த அதே தண்டாவைச் சேர்ந்த ஒரு பெண் பிள்ளையை, தினமும் முதல் அரை மணி நேரம் அவளோடு உட்கார வைத்தார் வகுப்பாசிரியை.