லாக்ரொட்டேட் போட்டாச்சா? போட்டா மட்டும் போதுமா?

பொட்டி தட்டும் மக்களே, ரொம்ப நாளா மனசுல கிடந்த கடுப்பு இது. கொஞ்சம் கொட்டிக்கிறேன்.

சர்வர்ல டிஸ்க் நிரம்பிடுச்சுன்னா நம்மாளுங்ககிட்ட ரெண்டே பதில்தான். ஒண்ணு, "லாகை அழிச்சுடு, குப்பைதானே". இன்னொண்ணு, "லாக்ரொட்டேட் இன்ஸ்டால் பண்ணு, அதுவே பாத்துக்கும்". ரெண்டும் தப்புங்கிறேன். பட்டவன் சொல்றேன்.

தெரிஞ்ச தம்பி ஒருத்தர் பலகாரக் கடை வச்சிருக்கார். அவரோட ஆர்டர் தளத்தை ஓய்வு நேரத்துல நான்தான் பாத்துக்கிறேன். ஒரு சனிக்கிழமை ராத்திரி 11 மணிக்கு போன். "அண்ணே, சைட்டு படுத்துருச்சுண்ணே!" உள்ளே போய்ப் பாத்தா டிஸ்க் 100 சதவீதம். ஒரே ஒரு லாக் ஃபைல், 38 ஜிபி. யோசிக்காம அழிச்சேன். அப்பவும் 100 சதவீதம்! அந்த ஃபைலைத் திறந்து வச்சிருக்கிற புரோகிராம் அதை விடுற வரைக்கும் லினக்ஸ் இடத்தைத் திருப்பித் தராது. புரோகிராமை நிறுத்தி மறுபடி ஓட்டினேன், இடம் வந்துச்சு. பெரிய வீரன் மாதிரி தூங்கப் போனேன்.

திங்கக்கிழமை ஒரு வாடிக்கையாளர் வந்து, "வெள்ளிக்கிழமையே ஆர்டரை ரத்து பண்ணிட்டேன், பணத்தைக் குடுங்க"ன்னு நிக்கிறார். தளத்துல ரத்து ஆகலை. அவர் பட்டனை அமுக்கினாரா, நம்ம புரோகிராம் சொதப்புச்சா? அதைச் சொல்ல வேண்டியது லாக். அதைத்தான் நான் அழிச்சுட்டேனே! தம்பி 4,200 ரூபாயைக் கைக்காசுலேருந்து குடுத்தார். என்னை ஒரு வார்த்தை கேக்கலை. அதுதான் இன்னும் உறுத்துது.

இதுல கொடுமை என்னன்னா, அந்த உபுண்டு சர்வர்ல லாக்ரொட்டேட் முதல் நாள்லேருந்தே இருந்துச்சு. ஆனா அது சொன்ன ஃபைலை மட்டும்தான் தொடும். அப்பாச்சி மாதிரி பேக்கேஜுகளைப் போட்டா விதி ஃபைலும் கூடவே வந்துடும். நாமளா எழுதின புரோகிராமுக்கு யார் எழுதுவா? நாமதான் எழுதணும்.

பெரிய வேலையும் இல்லை. லாக்ரொட்டேட்.டி ஃபோல்டர்ல உங்க லாகுக்குன்னு ஒரு சின்ன ஃபைல். தினமும் சுழற்று, இத்தனை பழைய பிரதி வச்சுக்கோ, சுருக்கி வை, சுழற்றினதும் புரோகிராமுக்குத் தகவல் சொல்லுன்னு நாலஞ்சு வரி. அப்புறம் மைனஸ் டி போட்டு ஓட்டினா, எதையும் தொடாம என்ன செய்யப் போகுதுன்னு மட்டும் சொல்லும். 10 நிமிஷ வேலை.

"டிஸ்க் சல்லிசா கிடைக்குதே, பெருசா வாங்கிப் போடலாமே"ன்னு ஒரு கோஷ்டி வரும். ஒழுகுற குழாய்க்குக் கீழே குடத்துக்குப் பதிலா அண்டா வச்சா, நிரம்ப இன்னும் கொஞ்சம் நாளாகும். அவ்வளவுதான் சாமி.

எத்தனை நாள் வச்சுக்கணும்ங்கிறதையும் டிஃபால்ட் தலையில கட்டாதீங்க. உபுண்டுல பொதுவா 4 வாரம். ஆனா 2022 ஏப்ரல் 28 அன்று செர்ட்-இன் போட்ட உத்தரவு, நிறுவனங்கள் லாகை 180 நாள் வச்சிருக்கணும்னு சொல்லுது. 4 வாரம் எங்கே, 180 நாள் எங்கே?

லாக் குப்பை இல்லை மக்களே, சாட்சி. இன்ஸ்டால் பண்றது சாட்சிக்கு நாற்காலி போடுற மாதிரிதான். உக்கார வைக்கிறது நம்ம வேலை.

டிஸ்கி: தம்பி கடையில இப்ப 180 நாள் லாக் பத்திரமா இருக்கு. அதிரசம்தான் எனக்கு இன்னும் தொண்டையில இறங்க மாட்டேங்குது.