‘இது எவ்வளவு போகும்?’

எங்கள் வீட்டில் போக்கிமான் கார்டு ஆடுகிறோம் என்று தெரிந்ததும் வருகிற முதல் கேள்வி இதுதான். கார்டைக் கையில் வாங்குகிறவர்கள் படத்தைக்கூடச் சரியாகப் பார்ப்பதில்லை. கீழே எழுதியிருப்பதைப் படிப்பதும் இல்லை. திருப்பி ஒரு பார்வை, உடனே “இது எவ்வளவு போகும்?” கல்யாண வீட்டில் கேட்கிறார்கள், அலுவலகத்தில் கேட்கிறார்கள். பிள்ளையை எங்கள் வீட்டில் விட வருகிற அப்பாக்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்கிறார்கள். இதையெல்லாம் தாங்கிக்கொள்ளலாம். எட்டு வயதுப் பிள்ளை என் மகனிடம் அதே தொனியில் கேட்கும்போதுதான் மனசு ஆறமாட்டேன் என்கிறது. எப்படி ஆடுவது என்று கேட்டவர்கள் அபூர்வம்.

இது ஆடுவதற்காகச் செய்தது. 1996-இல் ஜப்பானில் முதன்முதலாக வந்தபோதே விதிகளோடு வந்த ஆட்டம். 1999-இல் ஆங்கிலத்தில் வந்தபோதும் அப்படித்தான். ஆளுக்கு 60 கார்டு கொண்ட ஒரு கட்டு. சாதாரண எனர்ஜி கார்டுகளைத் தவிர மற்றவற்றில் ஒரே பெயரில் நான்குக்கு மேல் வைக்கக் கூடாது. கலைத்து, எதிராளியை வெட்டச் சொல்லி, ஏழு கார்டு எடுக்கிறோம். பரிசுக் கார்டு என்று ஆறைக் கவிழ்த்து ஓரமாக வைக்கிறோம். எதிராளியின் போக்கிமானை வீழ்த்தினால் அதிலிருந்து ஒன்று, பெரிய போக்கிமானாக இருந்தால் இரண்டோ மூன்றோ நம் கைக்கு வரும். ஆறையும் முதலில் எடுத்து முடிப்பவருக்கு ஜெயம். முன்னால் நின்று மோதுவது ஒன்று, பின்னால் பெஞ்சில் ஐந்து வரை. அடிப்பதற்கு எனர்ஜி வேண்டும், ஒரு டர்னுக்குக் கையிலிருந்து ஒரு எனர்ஜிதான் இறக்கலாம். ரம்மி தெரிந்தவர் அரை மணி நேரத்தில் பிடித்துக்கொள்வார்.

அதற்கு மேல் அதில் என்ன இருக்கிறது என்பதைச் சொல்லத்தான் எனக்கு ஆள் கிடைப்பதில்லை. ஆகவே இங்கே சொல்லிவிடுகிறேன்.

‘புரொஃபசர்ஸ் ரிசர்ச்’ என்று ஒரு கார்டு. அதைப் போட்டால் கையில் இருக்கும் அத்தனையையும் கழித்துவிட்டு ஏழு புதுக் கார்டு எடுக்கலாம். என் மகனுக்கு அதைக் கண்டாலே ஆகாது. கையில் ஒரு நல்ல கார்டு இருந்துவிட்டால் போதும், அதை இழக்க மனசு வராமல் புரொஃபசரைக் கடைசி வரை பிடித்துக்கொண்டே தோற்பான். போன மாதம் ஒரு சனிக்கிழமை ராத்திரி, சாப்பாடு முடிந்து, அவனும் அவன் அப்பாவும் உட்கார்ந்தார்கள். பையனுடைய பெஞ்சில் கார்டெவாயர் இஎக்ஸ். கழித்த கட்டிலிருந்து சைக்கிக் எனர்ஜியை எடுத்துத் தன் பக்கத்துச் சைக்கிக் போக்கிமானுக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் கொடுக்கும் சக்தி அதற்கு உண்டு. ஆனால் கொடுக்கும் ஒவ்வொரு முறையும், வாங்கிக்கொள்ளும் போக்கிமான்மேல் 20 அடி விழும். முன்னால் நின்றது டிரிஃப்லூன், பலூன் மாதிரி ஒரு சின்ன உருவம், மொத்த உயிரே 70 ஹெச்.பி.தான். அது ஒரு விசித்திரமான ஆசாமி. தான் பட்டிருக்கும் ஒவ்வொரு 10 அடிக்கும் 30 வீதம் திருப்பிக் கொடுக்கும்.

பையன் கையில் மூன்று சைக்கிக் எனர்ஜி. அதையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு புரொஃபசரை மேஜையில் வைத்துக் கையிலிருந்த எல்லாவற்றையும் கழித்தான். புதுக் கார்டு ஏழை எடுத்தவன் அதைப் பார்க்கக்கூட இல்லை. கழித்ததிலிருந்து எனர்ஜியை ஒன்றொன்றாக டிரிஃப்லூனுக்கு ஏற்றினான். அடியைக் குறிக்க எங்கள் வீட்டில் புளியங்கொட்டைதான், ஒரு கொட்டை பத்து. மூன்று எனர்ஜிக்கு ஆறு கொட்டை. டிரிஃப்லூனுக்கு மிச்சம் பத்தே பத்து உயிர். “ஆறு முப்பது நூத்தியெண்பது,” என்றான். அவன் அப்பாவின் போக்கிமானுக்கு இருந்தது 170. “கழிச்சாத்தானம்மா எடுக்க முடியும்” என்று என்னைப் பார்த்துச் சொன்னபோது அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். கணக்கு வாத்தியாராலும் என்னாலும் கற்றுக்கொடுக்க முடியாத ஏதோ ஒன்று அவனுக்கு அந்த நிமிடத்தில் கிடைத்தது.

அந்த டிரிஃப்லூனின் சாதாரணப் பதிப்பை எந்த ஆல்பத்திலும் யாரும் முன்பக்கத்தில் செருகமாட்டார்கள். காசு பெறாத கார்டு. எவ்வளவு போகும் என்று கேட்பவர்கள் அதைத் தள்ளிவிட்டு அடுத்ததைப் பார்ப்பார்கள்.

மாமியாருக்கு முதலில் வீட்டுக்குள் சீட்டுக்கட்டு என்பதே பிடிக்கவில்லை. சீட்டாடிக் குடும்பம் கெட்ட கதை அவர் தலைமுறையில் ஊருக்கு ஒன்று இருக்கும், அவரைக் குறை சொல்ல முடியாது. இப்போது தூங்கிப்போன போக்கிமானை எழுப்ப நாணயம் சுண்டுவது அவர் வேலை. பேத்தி “பூவா தலையா பாட்டி?” என்று கத்துவாள். தலை விழுந்தால் விழிப்பு. நாணயத்தை விரல்களால் மூடிக்கொண்டு, இவர்கள் தவிப்பதைக் கொஞ்சம் ரசித்துவிட்டுத்தான் திறப்பார். எல்லாருக்குமாக வீட்டில் ஒரே மேஜையில் நடக்கிற காரியம் வேறு எது இருக்கிறது இப்போது? டிவிகூட ஆளுக்கொரு போனில் வந்துவிட்டது.

இப்படி ஒரு ஆட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஆட ஆள் இல்லாமல் தவிக்கிறோம். அதுதான் என் ஆதங்கம்.

எங்கள் குடியிருப்பில் கார்டு வைத்திருக்கும் பிள்ளைகளுக்குக் குறைவில்லை. ஜிப் வைத்த ஆல்பம், பக்கத்துக்கு ஒன்பது பை, ஒவ்வொன்றிலும் ஒரு கார்டு. ஜிஎக்ஸ், வீமேக்ஸ், ஃபுல் ஆர்ட் என்று அபூர்வ வகைகளின் பெயரெல்லாம் மனப்பாடம். அவர்களில் ஒருத்தியிடம், “இந்த அடிக்கு எத்தனை எனர்ஜி வேணும்?” என்று என் மகள் கேட்டாள். அடியின் பெயருக்கு இடப்பக்கம் சின்னச் சின்ன வட்டமாக அச்சடித்திருப்பதுதான் அந்தக் கணக்கு என்பதே அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை. இரண்டு வருடமாக அந்த ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு திரிகிற பெண். எனர்ஜி கார்டுகளை அவர்கள் ரப்பர் பேண்ட் போட்டுத் தனியாக வைத்திருக்கிறார்கள். குப்பையாம். என் மகனிடம் சும்மாவே கொடுத்துவிடுகிறார்கள். எனர்ஜி இல்லாமல் இந்த ஆட்டத்தில் அநேகமாக ஒரு அடிகூட வைக்க முடியாது என்று அவர்களிடம் யாரும் சொன்னதில்லை. வீடியோவில் வருகிற ஆசாமிகளும் பாக்கெட்டைக் கிழிக்கிறார்கள், கத்துகிறார்கள், அடுத்த பாக்கெட்டைக் கிழிக்கிறார்கள். கிடைத்ததை வைத்து ஆடி முடிப்பதை எங்கே காட்டுகிறார்கள்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வந்திருந்த பையனின் அப்பா எங்கள் பிள்ளைகள் கார்டைக் கலைப்பதைப் பார்த்துப் பதறிவிட்டார். கவர் போட்டுத்தான் கலைக்கிறார்கள். அப்படியும், “இப்படிக் கலைச்சா ஓரம் மடங்கிடும், விலை போயிடும்” என்று தன் பையனின் கார்டுகளை வாங்கித் திரும்ப ஆல்பத்தில் வைத்தார். பையன் பாதி ஆட்டத்தில் இருந்தான். பரிசுக் கார்டு இரண்டுதான் பாக்கி. அவன் எதுவும் சொல்லாமல் எழுந்து போனான். அன்று என் மகள் சாயங்காலம் முழுக்கப் பேசவில்லை.

கடையிலும் இதே பாட்டுதான். ஒரு பெட்டியைக் கையில் எடுத்ததும் கடைக்காரர், “பிரிக்காதீங்க மேடம், சீலோட வெச்சிருங்க, அடுத்த வருஷம் டபுள்” என்கிறார். பிள்ளைகளுக்கு ஆட வாங்குகிறேன் என்று சொன்னால், ஐயோ பாவம் என்பதுபோலப் பார்க்கிறார். புதுத் தொகுதி வருவதற்கு முன்பே மொத்தமாக வாங்கிப் பதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். நம் கைக்கு வரும்போது விலை ஏறியிருக்கிறது. போக்கிமான் கம்பெனி 2024-25 நிதியாண்டில் மட்டும் ஆயிரம் கோடிக்கும் மேல் கார்டு அச்சடித்திருக்கிறது. அத்தனை அச்சடித்தும் ஒரு பத்து வயதுப் பிள்ளைக்கு அட்டையில் போட்ட விலைக்கு ஒரு பாக்கெட் கிடைக்கவில்லை என்றால், அதை எங்கே போய்ச் சொல்வது?

அசல் கிடைக்காத இடத்தில் போலி வந்து உட்கார்ந்துகொள்கிறது. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து ஸ்டேஷனரி கடைகளில் தொங்குகிறதே தங்க நிறக் கார்டு, அதைச் சொல்கிறேன். பளபளவென்று இருக்கும், மலிவு, பிள்ளைகளுக்குக் கண் போகத்தான் செய்யும். அசல் கார்டில் ஒரு போக்கிமானுக்கு 300 ஹெச்.பி. தாண்டுவதே பெரிய விஷயம். இதில் ஆயிரக்கணக்கில் போட்டிருப்பான். விளக்கத்தில் எழுத்துப்பிழை, சிலவற்றில் வாக்கியமே முடியாது. இதை வைத்து எப்படி ஆடுவது? என் மகனின் வகுப்புத் தோழன் தன்னிடம் இருந்த நல்ல கார்டு மூன்றைக் கொடுத்து இப்படி ஒரு தங்கக் கார்டை மாற்றிக்கொண்டு வந்து, ஆசையாக எங்கள் மேஜையில் வைத்தான். அது போலி என்று அந்தக் குழந்தையிடம் யார் சொல்வது? கலைக்கும்போது தடிமன் வித்தியாசத்திலேயே அது எந்த இடத்தில் இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. பிள்ளைகளை இப்படி ஏமாற்றிப் பிழைப்பவர்கள்மேல் எனக்கு அடங்காத கோபம்.

உலகம் முழுக்கவே இந்தப் பைத்தியம் பிடித்திருக்கிறது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ‘பிக்காச்சு இல்லஸ்ட்ரேட்டர்’ என்ற கார்டைப் பாருங்கள். 1997, 98-இல் ஜப்பானின் ‘கோரோகோரோ காமிக்’ என்ற சிறுவர் பத்திரிகை நடத்திய ஓவியப் போட்டிகளில் ஜெயித்தவர்களுக்குக் கொடுத்தது. நன்றாகப் படம் வரைந்ததற்குப் பரிசு, எவ்வளவு அழகான விஷயம்! அதில் ஒன்றை 2021-இல் லோகன் பால் என்கிற யூடியூப் பிரபலம் 52,75,000 டாலர் மதிப்பில் வாங்கினார். மறு வருடம் மல்யுத்த மேடைக்கு அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்தார். அதே 2021 மே மாதம் அமெரிக்காவின் டார்கெட் கடைகளில் கார்டு விற்பனையையே நிறுத்திவைத்தார்கள், வாங்க வருகிறவர்களின் பாதுகாப்பை நினைத்து. 2025 ஆகஸ்டில் ஜப்பான் மெக்டொனால்ட்ஸ், குழந்தைகளுக்கான சாப்பாட்டுப் பெட்டியோடு போக்கிமான் கார்டு கொடுத்தது. பெரியவர்கள் பெட்டி பெட்டியாக வாங்கி, கார்டை எடுத்துக்கொண்டு, சாப்பாட்டைத் தெருவில் விட்டுவிட்டுப் போனார்கள். அந்த நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. தெருவில் கிடந்த பைகளின் படத்தை என் மகளும் பார்த்தாள். “இவங்கள்ல ஒருத்தராவது ஆடுவாங்களாம்மா?” என்று கேட்டாள்.

ஆடுகிறவர்கள் இல்லாமல் இல்லை. வருடாவருடம் உலகப் போட்டி நடக்கிறது. ஜூனியர், சீனியர், மாஸ்டர்ஸ் என்று வயதுவாரியாகப் பிரித்திருப்பதால் அம்மா ஒரு பிரிவிலும் பிள்ளை ஒரு பிரிவிலுமாக ஒரே இடத்தில் ஆடலாம். 2024-இல் ஹொனலுலுவில் மாஸ்டர்ஸ் பட்டம் வென்றவர் சிலி நாட்டின் ஃபெர்னாண்டோ சிஃபுவென்டெஸ், அப்போது 18 வயது. அந்தப் பையனை அவர்கள் நாட்டு அதிபர் மாளிகைக்கே அழைத்துப் பாராட்டினார்கள். இந்தச் செய்தியை நான் சொன்ன யாருக்கும் முன்பே தெரிந்திருக்கவில்லை. கழுத்தில் கார்டு மாட்டியவரை எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

விற்கிறவர்களிடமும் கேட்க ஒன்று இருக்கிறது. பத்துப் பத்துக் கார்டாகக் குருட்டுப் பாக்கெட் விற்கிறீர்களே, வாங்கிய அன்றே உட்கார்ந்து ஆடக்கூடிய கட்டை ஏன் அலமாரியில் வைப்பதில்லை? ‘பேட்டில் அகாடமி’ என்று ஒரு பெட்டி உண்டு. மூன்று முழுக் கட்டு, விரித்து ஆட ஒரு பலகை, படிப்படியாகச் சொல்லித்தரும் புத்தகம் எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். அதைத் தேடி நான் ஏறி இறங்கிய கடைகளில் அந்தப் பெயரைக் கேட்டதாகவே யாரும் காட்டிக்கொள்ளவில்லை. கடைசியில் வெளிநாட்டில் இருக்கும் தம்பி வரும்போது துணிமணிக்கு நடுவே வைத்து எடுத்துவந்தான்.

எங்கள் குடியிருப்பிலும் பக்கத்துத் தெருக்களிலும் ஆல்பம் வைத்திருக்கும் பிள்ளைகளின் பெற்றோரே, உங்களிடம் நேராகவே கேட்கிறேன். விலை போகும் கார்டை நீங்களே பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், அதைத் தொடமாட்டோம். மிச்சம் இருக்கிறதே, பின்பக்கத்துப் பைகளில், பிஸ்கட் டின்னில், நீங்கள் ஒதுக்கிவைத்தது, அதைப் பிள்ளை கையில் கொடுத்து அனுப்புங்கள். 60 தேறாவிட்டால் எங்களிடம் இருந்து சேர்த்துக்கொள்ளலாம். எனர்ஜி மட்டும் இரண்டு ஷூ பெட்டி நிறைய இருக்கிறது, எல்லாம் உங்கள் பிள்ளைகள் கொடுத்ததுதான். கவர் நான் போட்டுத் தருகிறேன். ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்போம். பிள்ளையை விட்டுவிட்டுப் போய்விடாமல் நீங்களும் ஒரு கை உட்காருங்கள், நாற்காலி போதாவிட்டால் பாய் விரிக்கிறோம்.