வாணலியின் சூடு எத்தனை தட்டுக்கு?

தட்டையான அரிசி நூடுல்ஸை இறால், மட்டி, முட்டை, பயற்றுமுளை ஆகியவற்றோடு கடுந்தீயில் புரட்டியெடுக்கும் சார் குவே தியாவ், பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுன் தெருக்களில் ஓர் ஆள் ஒரு வாணலியை வைத்துக்கொண்டு இரண்டு மூன்று நிமிடங்களில் முடித்துக் கொடுக்கும் உணவு. வீட்டு அடுப்பில் செய்யப் புகுந்தாலோ, பெரும்பாலும் ஈரம் கோத்து, ஒன்றோடொன்று ஒட்டி, கூழும் அல்லாத வறுவலும் அல்லாத ஒரு பண்டமாகவே வந்து முடிகிறது. இதற்குச் சாற்றுக் கலவையின் மீது பழிபோட்டு, கடைக்காரர் எதையோ மறைக்கிறார் என்று எண்ணி, புட்டிக்கு மேல் புட்டியாக வாங்கி அடுக்குவோர் உண்டு. மறைப்பதற்கு அங்கே இடமே இல்லை. அடுப்பு நடுத்தெருவில் எரிகிறது, சேர்மானங்கள் எல்லாம் கண்முன்னே கிண்ணங்களில் இருக்கின்றன. வீட்டில் தவறுவது, ஓர் அடுப்பு தரக்கூடிய சூட்டுக்கும் அதன்மேல் கொட்டப்படும் பண்டத்தின் எடைக்கும் உள்ள கணக்கே.

பெயரில் வரும் ‘சார்’ என்பது ஹொக்கியன் மொழியில் வறுத்துப் புரட்டுவதையும், ‘குவே தியாவ்’ என்பது அரிசி மாவுக் கரைசலைத் தகடாக ஆவியில் வேகவைத்து நறுக்கிய பட்டைகளையும் குறிக்கும். தென்சீனக் கடலோரத்திலிருந்து மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் குடிபெயர்ந்த ஹொக்கியன், தியோச்சூ மக்களிடையே உருவாகி, உடலுழைப்பாளர்களுக்குக் குறைந்த காசில் நிறையக் கொழுப்பும் மாவும் தரும் மலிவுணவாகத் தொடங்கிய இது, ஊருக்கு ஊர் நிறம் மாறியிருக்கிறது: பினாங்கில் வெளிறிய பழுப்பாகவும் காரமாகவும் இருப்பது, சிங்கப்பூரில் மஞ்சள் கோதுமை நூடுல்ஸும் கலந்து, கெட்டியான கரிய சோயா சாற்றால் கருத்து இனிக்கிறது. இரண்டில் எது உயர்ந்தது என்ற வழக்கை அவ்விரு ஊராருக்கே விட்டுவிடலாம். வீட்டு அடுப்பில் செய்வோர்க்குப் பினாங்கு முறையே ஏற்றது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. இனிப்புச் சாறு மிகுந்தால், சூடு போதாத வாணலியில் அது பாகாகிப் பட்டைகளை ஒட்டவைத்துவிடும்.

சூட்டுக் கணக்கைச் சற்று நிதானமாகப் பார்ப்பது நல்லது. வீட்டு எரிவாயு அடுப்பின் பெரிய எரிமுனை ஏறத்தாழ 3 கிலோவாட் வெப்பம் தரும் என்று கொண்டால், அதில் பாதியளவே பாத்திரத்துக்குள் சேர்கிறது, எஞ்சியது பக்கவாட்டில் வழிந்து சமையலறையைச் சூடாக்குகிறது. உணவகங்களின் வாணலி அடுப்போ இதைப்போலப் பல மடங்கு வெப்பத்தைக் கொட்டுகிறது. நூடுல்ஸ், முளை, முட்டை, இறால் எல்லாம் பெரும்பகுதி நீரே ஆதலால், நான்கு பேருக்கென ஒரு கிலோ பண்டத்தை ஒரே தடவையில் கொட்டினால், அதைக் கொதிநிலைக்குக் கொண்டுவரவே ஏறக்குறைய மூன்று நிமிடம் ஆகிவிடும். அதற்குப் பின்னும் கசிந்த நீர் ஆவியாக வேண்டும். ஒரு கிராம் நீரை அறைச் சூட்டிலிருந்து 100 டிகிரி செல்சியசுக்கு உயர்த்தத் தேவைப்படும் வெப்பத்தைப்போல ஏறத்தாழ எட்டு மடங்கு, அதே ஒரு கிராமை ஆவியாக்கத் தேவைப்படுகிறது. நீர் இருக்கும்வரை வாணலியின் பரப்பு 100 டிகிரியைத் தாண்டிப் பெரிதும் ஏறாது. மாவுப் பண்டமும் புரதமும் சிவந்து மணம் பெறுவதற்குக் காரணமான மெயார் வினை, அதாவது 1912-இல் பிரெஞ்சு வேதியியலாளர் லூயி காமில் மெயார் விவரித்த, சர்க்கரைகளும் அமினோ அமிலங்களும் சூட்டில் இணைந்து பழுப்பு நிறமும் மணமும் தரும் வினை, 140 டிகிரியை ஒட்டித்தான் வேகம் பிடிக்கிறது. ஆகவே நான்கு தட்டுப் பண்டம் ஒன்றாக ஏறிய வாணலியில் நடப்பது வறுத்தல் அன்று, வேகவைத்தல்தான்.

கான்டனீஸ் மொழியில் ‘வொக் ஹெய்’, அதாவது வாணலியின் மூச்சு, என்று போற்றப்படும் புகைமணம் இந்த வினையோடு மட்டும் நின்றுவிடுவதில்லை. சமைப்பவர் வாணலியை உலுக்கிப் பண்டத்தை மேலே எறியும்போது, அதிலிருந்து சிதறும் நுண்ணிய எண்ணெய்த் துளிகள் விளிம்பைத் தாண்டி எழும் தீயில் பற்றியெரிந்து, அந்தப் புகையின் சாயல் மீண்டும் பண்டத்தின்மீதே படிகிறது. எறிவதிலும் ஒரு கணக்கு இருப்பதை, அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் ஹங்டாங் கோ, டேவிட் ஹூ ஆகியோர் 2020-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. சீன உணவகச் சமையலர்கள் வறுத்த சோற்றை நொடிக்கு ஏறத்தாழ மூன்று முறை எறிகிறார்கள் என்றும், முன்னும் பின்னும் தள்ளுவதும் அடுப்பின் விளிம்பில் வைத்து ஏற்றமிறக்கமாக ஆட்டுவதுமான இரு அசைவுகளின் சேர்க்கையால் அது நிகழ்கிறது என்றும், இதனால் சோறு கருகாமல் கடுஞ்சூட்டைத் தாங்குகிறது என்றும் அவர்கள் விளக்கினர். கடுஞ்சூடு இருக்கும் இடத்தில்தான் இந்த வித்தைக்குப் பொருளுண்டு. தீ விளிம்பை எட்டாத வீட்டு அடுப்பில் வாணலியைத் தூக்கி எறிவதால், எறியும் ஒவ்வொரு முறையும் பாத்திரம் தீயை விட்டு விலகி ஆறுகிறதே ஒழிய வேறு பயன் விளைவதில்லை.

இங்கேதான் பல சமையல் நூல்களின் அறிவுரையிலிருந்து விலக வேண்டியிருக்கிறது. மெல்லிய கார்பன் எஃகு வாணலி விரைவில் சூடாவது உண்மையே. ஆயினும் அடியில் ஓயாது கொட்டும் பெருந்தீ இல்லாதபோது அது அதே விரைவில் ஆறியும் போகிறது. ஒன்றரைக் கிலோ இரும்பு 250 டிகிரிக்குக் காய்ந்திருந்தால், அது தனக்குள் தேக்கிவைத்திருக்கும் வெப்பமே ஒரு தட்டுப் பண்டத்தைக் கொதிநிலைக்கு ஏற்றப் போதுமானது, நான்கு தட்டுக்குப் போதாது. மூன்று கிலோ இரும்பானால் தேக்கமும் இருமடங்கு. ஆகவே தமிழ் வீடுகளில் ஏற்கெனவே கிடக்கும், எண்ணெய் ஏறிப் பழகிய கனத்த இரும்பு வாணலியோ தடித்த தோசைக்கல்லோ, விலைகொடுத்து வரவழைக்கும் சீன வாணலியைவிட இந்த வேலைக்கு மேலானது. தோசைத் திருப்பியின் கூரிய விளிம்பால் அடியோடு சுரண்டிப் புரட்டலாம், தூக்கி எறியத் தேவையில்லை. ஒட்டாப் பூச்சுப் பாத்திரங்களை மட்டும் தொடக்கூடாது, ஏனெனில் அவற்றின் பூச்சு 260 டிகிரியை ஒட்டிச் சிதையத் தொடங்கும். எண்ணெயிலும் அதே கவனம் வேண்டும். செக்கில் ஆட்டிய கடலை எண்ணெய் மணமானதாயினும் சீக்கிரம் புகைந்துவிடும், சுத்திகரித்த கடலை எண்ணெயே இந்தச் சூட்டுக்குத் தாங்கும்.

நூடுல்ஸைப் பொறுத்தவரை, அன்றன்று செய்து எண்ணெய் தடவி விற்கும் ஈரப் பட்டைகளே மூல வழக்கம். அவற்றைக் குளிர்பெட்டியில் வைத்தால், ஆறிய இடியாப்பம் விறைத்து உதிர்வதுபோல் உதிர்ந்துவிடும். வெந்தபோது நெகிழ்ந்து நீரை ஏற்ற மாவுப்பொருளின் இழைகள், குளிரில் மறுபடி நெருங்கி அடுக்காக இறுகிவிடுவதே இதற்குக் காரணம். ஆவியில் சிறிது நேரம் காட்டினால் மீண்டும் நெகிழும். தமிழ்நாட்டுப் பேரங்காடிகளில் கிடைப்பது உலர்ந்த பட்டை ஆதலால், ஓர் ஆளுக்கு 80 அல்லது 90 கிராம் எடுத்து, வளைத்தால் ஒடியாமல் வளையும் பதம் வரை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, நீரை முற்றாக வடித்து, சிறிது எண்ணெயில் பிசிறிவைக்க வேண்டும். பொட்டலத்தில் அச்சிட்டிருக்கும்படி கொதிநீரில் முழுதாக வேகவைத்தால் அது வாணலியில் நைந்துபோவது உறுதி.

எல்லாம் கைக்கெட்டும் இடத்தில் வைத்தபின்னரே அடுப்பை மூட்ட வேண்டும், ஏனெனில் மூட்டியபின் எதையும் நறுக்க நேரமிராது. ஒரு தட்டுக்கு இரண்டு தேக்கரண்டி இளஞ்சோயா சாறு, அரைத் தேக்கரண்டி கருஞ்சோயா சாறு, ஒரு சிட்டிகை சர்க்கரை, வெள்ளை மிளகுத்தூள், ஒரு மேசைக்கரண்டி நீர் ஆகியவற்றை முன்னதாகவே கலந்துவைக்கலாம். மலேசியத் தமிழர்கள் கிச்சாப் என்றே வழங்கும் இந்தச் சோயா சாறுகளில் இளையது உப்புக்கும், கரியது நிறத்துக்கும் இனிப்புக்கும் உரியது. இரும்பு காய்ந்து மெல்லிய புகை எழும்பியதும் எண்ணெய், நசுக்கிய பூண்டு, இறால். இறால் நிறம் மாறியதும் அதை வெளியே எடுத்துவிட்டு நூடுல்ஸைப் பரப்பி, கால் நிமிடம் தொடாமலே விட வேண்டும். தொடாமல் விடுவதுதான் பழகாத கைக்கு அரிது. அடிப்பக்கம் ஆங்காங்கே பழுப்புப் புள்ளி கண்டதும் புரட்டி, சாற்றை நூடுல்ஸின் மீது ஊற்றாமல் காய்ந்த விளிம்பைச் சுற்றி ஊற்றினால், அது இரும்பைத் தொட்டவுடன் சீறி வற்றி, நீர் போய் மணம் மட்டும் தங்கும். பிறகு எல்லாவற்றையும் ஓரம் தள்ளி, நடுவில் ஒரு முட்டையை உடைத்து ஊற்றி, அரைகுறையாகக் கலைத்து, அது உறைவதற்குள் நூடுல்ஸை அதன்மேல் சாய்க்க வேண்டும். வாத்து முட்டையானால் கொழுப்பு கூடும், பினாங்கில் அதற்குத் தனிக் காசு. ஊறவைத்த வற்றல் மிளகாயை அரைத்து எண்ணெயில் வதக்கிய விழுது ஒரு கரண்டி சேர்த்து, இறாலை மீண்டும் போட்டுப் புரட்ட வேண்டும்.

கடைசி அரை நிமிடத்துக்குரியவை பயற்றுமுளையும் சீனப் பூண்டுத்தாளும். இங்கு வேண்டுவது, நம் வீடுகளில் சுண்டலுக்காக முளைகட்டும், வால்முளை மட்டும் எட்டிப்பார்க்கும் பச்சைப்பயறு அன்று. அதே பயற்றை இருட்டில் சில நாள் வளர்த்து, விரல் நீளத்துக்கு வெள்ளைத் தண்டு விட்டதையே மலேசியாவில் தவ்கே என்கிறார்கள். பூண்டுத்தாள் கிடைக்காத ஊரில் வெங்காயத்தாளை ஏற்றுக்கொள்ளலாம். முட்டைகோசும் குடைமிளகாயும் கேரட்டும் சேர்ப்பதை ஏற்பதற்கில்லை. அவை நீர் விட்டு, அதுவரை காத்த சூட்டை ஒரே நொடியில் குடித்துவிடும்.

கெராங் எனப்படும் செந்நீர் மட்டி, பினாங்குக் கடைகளில் பாதி வெந்த நிலையிலேயே, கடித்தால் கடலுப்பும் சிவந்த சாறும் கசியும்படி சேர்க்கப்படுகிறது, அந்தச் சுவைக்காகவே வருவோரும் பலர். நீரை வடிகட்டி உண்ணும் இவ்வுயிர்கள் கழிவுநீரிலுள்ள கிருமிகளையும் உடலில் சேர்த்துவைப்பவை. 1988-இல் ஷாங்காய் நகரில் சரியாக வேகாத மட்டிகளால் ஏறத்தாழ 3 லட்சம் பேருக்குக் கல்லீரல் அழற்சி பரவியது. பிடித்த இடமும் நீரின் தூய்மையும் தெரியாதபோது, மட்டியை நன்றாக வேகவைப்பது அல்லது விட்டுவிடுவதே அறிவுடைமை. இறாலின் எண்ணிக்கையைக் கூட்டினால் குறை பெரிதாகத் தெரியாது.

பன்றிக்கொழுப்பும் அதை உருக்கியபின் எஞ்சும் மொறுமொறுப்பான துணுக்குகளும் இல்லாமல் இதைச் சார் குவே தியாவ் என்றே ஒப்பாத சீனச் சுவைஞர்கள் உண்டு. ஆயினும் அந்தக் கொழுப்பில்லாத வழக்கும் அதே ஊர்களில் நெடுநாளாக வேரூன்றியிருக்கிறது: மலாய்க் கடைகளில் இது சற்றே ஈரப்பதமாகவும் செய்து தரப்படுகிறது, தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடைகளில் மீ கோரெங் என்னும் வறுத்த கோதுமை நூடுல்ஸுக்குப் பக்கத்தில் இதுவும் தாவர எண்ணெயில், கூடுதல் மிளகாய் விழுதோடு, தனக்கென ஒரு சுவையோடு நிற்கிறது. தமிழ் வீட்டு அடுப்புக்கு இந்த மூன்றில் நெருங்கிய உறவு மாமாக் வழக்கே. பன்றிக்கொழுப்பு இல்லையே என்று எவரும் வருந்த வேண்டியதில்லை.

புகைமணத்துக்காக, சமையல் எழுத்தாளர் கென்ஜி லோபஸ்-ஆல்ட் பரிந்துரைப்பதுபோல், கைத்தீப்பந்த எரிவாயுக் குழலை வறுத்த பண்டத்தின்மீது சில நொடி வீசிக் காட்டலாம், பலன் ஓரளவு உண்டு. கருவி இல்லாத வீட்டில் அதற்காகச் செலவிட வேண்டும் என்று சொல்லும் அளவுக்கு இல்லை. அளவைக் குறைப்பதற்குச் செலவே கிடையாது. நான்கு பேருக்குச் செய்வோர் பண்டத்தை நான்கு கிண்ணங்களில் பிரித்துவைத்து, ஒவ்வொரு தட்டுக்கும் பின் இரும்பைச் சுரண்டித் துடைத்து, மறுபடி புகையும்வரை காயவிட்டு, நான்கு முறை செய்ய வேண்டும். முதல் தட்டைப் பெற்றவர் மற்றவர்களுக்காகக் காத்திராமல் சூட்டோடு சாப்பிடத் தொடங்கிவிட வேண்டும்.