ஹியூஸ்டனிற் காணத்தக்கது யாது?

ஐக்கிய அமெரிக்காவுக்குச் செல்லும் உல்லாசப் பிரயாணிகளுட் பெரும்பாலார் நியூயோர்க், வாஷிங்டன், சான் பிரான்சிஸ்கோ முதலிய நகரங்களையே நாடுவர். தென்பகுதியைப் பார்க்க விழைவோர் நியூ ஓர்லியன்ஸ் நகருக்குச் செல்வர். டெக்சாஸ் மாநிலத்து ஹியூஸ்டனைக் காணவென்றே புறப்படுவோர் சிலரே. அங்கே மலையில்லை, நகரை ஒட்டிக் கடற்கரையுமில்லை, பழம்பெருமை பேசும் மாளிகைகளும் அரியன. கோடை வெப்பமோ வெயிலிற் பழகிய நமக்கும் பொறுத்தற்கரியது. ஆயினும், அமெரிக்காவை உள்ளவாறு அறிய விரும்பும் ஒருவர் ஒரேயொரு நகரைத்தான் காணலாம் என்றால், அவர் காணவேண்டியது ஹியூஸ்டனே என்பது எமது கருத்து.

அந்நகரின் பிறப்பே விசித்திரமானது. 1836ஆம் ஆண்டில் நியூயோர்க்கிலிருந்து வந்த அலன் சகோதரர் இருவர், பஃபலோ பாயு என்னும் மந்தமான ஆற்றங்கரையில் நிலம் வாங்கிக் கூறுபோட்டு விற்றனர். குளிர்ந்த கடற்காற்று வீசும் சுகவாசத் தலம் அதுவெனப் பத்திரிகைகளில் விளம்பரஞ் செய்தனர். வந்தவர்கள் கண்டதோ சதுப்பு நிலமும் நுளம்புமே. மஞ்சட் காய்ச்சல் பலரைக் கொன்றது. எனினும் வந்தவர்கள் ஊரைக் கைவிடவில்லை. 1900ஆம் ஆண்டுச் சூறாவளி அண்மையிலிருந்த கல்வெஸ்டன் துறைமுகத்தை அழித்தது. மறு ஆண்டில் அப்பிராந்தியத்திற் பெருமளவு எண்ணெய் பீறிட்டது. 1914இல் ஆற்றையும் குடாவையும் ஆழமாக்கிக் கப்பல்கள் உள்நாடு வரை வர வழிசெய்தனர். இயற்கை வழங்காத துறைமுகத்தை மனிதர் வெட்டியெடுத்தனர். சகோதரர் கூறிய பொய்யை வந்து குடியேறியோர் ஒருவாறு மெய்யாக்கினர் எனலாம்.

இந்நகருக்கு வரும் பிரயாணி பெரும்பாலும் விண்வெளி ஆய்வு நிலையத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறான். 1969இல் மனிதன் சந்திரனில் இறங்கியபோது அப்பயணத்தை நடத்திய கட்டுப்பாட்டறை, அன்றிருந்தவாறே 2019இல் புதுப்பிக்கப்பட்டுள்ளது. அதைக் காண்பது தகும். ஆனால், அதனோடு ஹியூஸ்டனைக் கண்டாயிற்று என எண்ணுவது கோபுரத்தைப் பார்த்துவிட்டுக் கோயிலுக்குட் செல்லாது திரும்புவதை ஒக்கும்.

உள்ளே இருப்பது மக்கள் கூட்டம். 2020ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இருபத்துமூன்று இலட்சம் மக்கள் வாழும் இந்நகரில் எவ்வினத்தவரும் பாதித் தொகையினரல்லர். 1975இல் சைகோன் வீழ்ந்தபின் அகதிகளாக வந்த வியட்நாமியர் பலர் இங்கே வேரூன்றினர். பெல்லேயர் வீதியில் மைல்கணக்கில் வியட்நாமிய, சீனக் கடைகளே காணப்படுகின்றன. அயல் மாநிலமாகிய லூயிசியானாவின் நன்னீர்ச் சிங்க இறாலை வியட்நாமியர் உள்ளியும் வெண்ணெயுமிட்டுச் சமைத்தனர். அது இன்று ஹியூஸ்டனுக்கே உரிய உணவாகிவிட்டது. ஹில்குறொவ்ற் வீதியை அண்டிய பகுதிக்கு 2010இல் மகாத்மா காந்தியின் பெயர் இடப்பட்டது. நகருக்குத் தெற்கே பேர்லாந்தில் மீனாட்சியம்மனுக்குத் திராவிட முறையில் அமைந்த கோயிலொன்று கோபுரத்தோடு நிற்கிறது. இவை பிரயாணிகளுக்காகச் சோடிக்கப்பட்ட காட்சிகளல்ல. தாம் வாழ்வதற்காக மக்கள் அமைத்துக்கொண்டவை. இவற்றின் கவர்ச்சியும் அதுவே.

வந்தோர் அனைவரும் விரும்பி வந்தோர் அல்லர் என்பதையும் மறக்கலாகாது. அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள், 1872இல் தம்முட் பணஞ் சேர்த்துப் பத்து ஏக்கர் நிலம் வாங்கினர்; தமக்கு விடுதலை அறிவிக்கப்பட்ட யூன் 19ஆம் நாளைக் கொண்டாட ஓரிடம் வேண்டுமென்பதே நோக்கம். அதுவே விடுதலைப் பூங்கா. நிறபேதம் தலைவிரித்தாடிய காலத்தில், பல ஆண்டுகளாக அவர்கள் கால்வைக்கக்கூடிய ஒரே பொதுப்பூங்காவும் அதுவாகவே இருந்தது. அவர்கள் கொண்டாடிய நாள் 2021இலேதான் நாடு முழுவதற்கும் விடுமுறை நாளாயிற்று. விண்வெளி நிலையத்துக்குச் செல்லும் பிரயாணி இப்பூங்காவிலும் ஒரு மாலைப்பொழுதைக் கழிப்பானாயின், அமெரிக்க வரலாற்றின் இரு முனைகளையும் ஒரே நாளிற் கண்டவனாவான்.

செல்வர் சிலரும் தம் செல்வத்தை ஊரோடு பகிர்ந்தனர். பிரான்சிலிருந்து வந்து குடியேறிய மெனில் தம்பதியர் திரட்டிய கலைச்செல்வங்களைக் கொண்ட நூதனசாலை 1987இல் திறக்கப்பட்டது. இன்றுவரை அங்கே நுழைவுக்கட்டணமில்லை. அவர்கள் ஓவியர் றொத்கோவைக் கொண்டு அமைத்த வணக்கத்தலம் 1971இல் திறக்கப்பட்டது. அதன் சுவர்களிற் கருமை படர்ந்த பதினான்கு ஓவியங்களன்றி வேறொன்றுமில்லை. எம்மதத்தினரும், மதமற்றோரும் அங்கே மௌனமாக அமர்ந்திருக்கலாம்.

குறைகள் இல்லையோ எனின், உண்டு. மோட்டார் வண்டியின்றி இந்நகரைச் சுற்றிப்பார்ப்பது கடினம். அதனினும் பாரதூரமானது ஒன்றுண்டு. குடியிருப்பு, வாணிபம் என நிலத்தை வலயங்களாக வகுக்கும் சட்டம் இங்கில்லை. 1948, 1962, 1993 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் வாக்காளர் அதனை நிராகரித்தனர். இந்தத் தளர்வே ஏழைக் குடியேறியோர் நினைத்த இடத்திற் கடைவைக்க வழிசெய்தது. அதே தளர்வு, விடுதலைபெற்ற கறுப்பின மக்கள் எழுப்பிய பழைய குடியிருப்பின் வீடுகள் இடிக்கப்படவும் இடங்கொடுத்தது. அவற்றுட் பெரும்பாலானவை இன்று இல்லை. வெள்ளம் பாயக்கூடிய தாழ்நிலங்களிலும் வீடுகள் பெருகின. 2017இல் ஹார்வி சூறாவளியின்போது சில பகுதிகளில் ஒரு மீற்றருக்கும் அதிகமான மழை பெய்து அவற்றை மூழ்கடித்தது.

ஆயினும் இதே நகர் 2005இல் நியூ ஓர்லியன்ஸ் வெள்ளத்திற் சிக்கியபோது, அங்கிருந்து வந்த பல்லாயிரம் மக்களுக்குத் தன் மாபெரும் விளையாட்டரங்கைத் திறந்துவிட்டது. வந்தாரை வாழவைப்பது என்று நாம் சொல்வதற்கு இதனினும் வேறு பொருள் உண்டோ?

நியூயோர்க்கின் உயர்ந்த கட்டடங்கள் நாம் போகாவிடினும் நிலைத்து நிற்கும். சிறு உணவுக்கடையும் பழைய தேவாலயமும் அடிமைகளின் மக்கள் கட்டிய வீடும் அவ்வாறல்ல. நிலத்தின் விலை ஏறுந்தோறும் அவை ஒவ்வொன்றாய் மறைகின்றன. பார்ப்பதற்கு ஆளுள்ள இடத்தை இடிக்க எவரும் சற்றுத் தயங்குவர். ஆதலின் ஹியூஸ்டனுக்குச் செல்வோர் சந்திரனுக்கு வழிகாட்டிய அறையை ஒரு பகலிற் கண்டு முடித்து, எஞ்சிய நாட்களை அதன் தெருக்களுக்குக் கொடுப்பாராக.