முதலில் இரண்டு பொத்தான்கள் போதும்

மாணவர்களே, மாலை மழையில் மின்னலைப் படம் பிடிக்க முயன்றிருக்கிறீர்களா? வெளிச்சத்தைக் கண்டு விரல் அசையவே ஏறக்குறைய 0.2 வினாடி ஆகிவிடும். அதனால்தான் மின்னலைக் கண்டதும் கேமராவைத் தானாக இயக்கும் கருவியைச் சிலர் அறிவியல் கழகத்துக்குச் செய்துகொண்டு வருகிறார்கள்.

எனக்கு அதில் ஒரு குறை உண்டு. எடுத்த எடுப்பில் அர்டுயினோ பலகையில் கை வைக்கிறார்கள். இணையத்தில் கிடைத்த நிரலை ஏற்றுகிறார்கள், "இந்தப் பாகம் எதற்கு?" என்று கேட்டால் விழிக்கிறார்கள்.

பலகையைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். கெனான் தொடக்கநிலை டிஎஸ்எல்ஆர் கேமராக்கள் பலவற்றின் பக்கவாட்டில் 2.5 மி.மீ. துளை இருக்கும். (இயர்போன் முனை 3.5 மி.மீ., நுழையாது.) அதில் செருகும் முனையில் மூன்று உலோகப் பகுதிகள். அடிப்பகுதி பொது இணைப்பு. நடு வளையத்தை அதனுடன் இணைத்தால் கேமரா குவியத்தைச் சரிசெய்யும். நுனியை இணைத்தால் படம் எடுக்கும். இரண்டு பொத்தான்கள், மூன்று கம்பிகள், அவ்வளவுதான். படிவம் இரண்டில் படித்த மின்சுற்றேதான் இது.

'கிளிக்' சத்தத்தைக் கேட்ட பிறகு, விரலுக்குப் பதில் ஒளி உணரியையும் அர்டுயினோவையும் கொண்டு வாருங்கள். இங்கேதான் கவனம் வேண்டும். பயிற்சிக் காலத்தில் நான் 5 வோல்ட்டை நேராகக் கேமராவுக்குள் விட்டேன். நண்பனின் கேமரா வேறு! அந்தத் துளை அன்றோடு செயலிழந்தது.

இடையில் 4என்35 போன்ற ஆப்டோகப்ளர் வைத்திருந்தால் தப்பியிருக்கும். அந்தச் சிறு சில்லுக்குள் ஓர் எல்இடி ஒளிரும். எதிரிலுள்ள டிரான்சிஸ்டர் அந்த ஒளியால் இயங்கிக் கேமராவின் கம்பிகளை இணைக்கும். இரு பக்கத்துக்கும் நடுவே ஒளி மட்டுமே கடக்கிறது, மின்சாரம் கடப்பதில்லை. எல்இடிக்கு ஏறக்குறைய 1.2 வோல்ட் போக மீதி 3.8 வோல்ட். 330 ஓம் மின்தடை வைத்தால் மின்னோட்டம் எவ்வளவு? ஓம் விதியைப் போட்டுப் பாருங்கள், சுமார் 11.5 மில்லிஆம்பியர் வரும். இந்தக் கணக்கைச் சொல்லும் மாணவரின் படம் மங்கலாக இருந்தாலும் நான் மதிப்பெண் கொடுப்பேன்.

கருவி எவ்வளவு விரைந்தாலும் முதல் வீச்சு தப்பிவிடும். ஆனால் ஒரே மின்னலில் பெரும்பாலும் மூன்று நான்கு வீச்சுகள், நூறில் சில பங்கு வினாடி இடைவெளியில் வரும். படத்தில் விழுவது இரண்டாவதோ மூன்றாவதோதான். குவியத்தை முன்கூட்டியே கையால் சரிசெய்துவிடுங்கள், இல்லாவிட்டால் அதைத் தேடுவதிலேயே கேமரா நேரத்தைக் கழித்துவிடும். இடி கேட்டால் திடலுக்கோ மொட்டைமாடிக்கோ போகாதீர்கள். வீட்டுக்குள் மூடிய சன்னல் கண்ணாடிக்குப் பின்னால் கேமராவை வைத்தாலே போதும்.