ரூட்டு தலைக்கு ஓட்டுப் போட்டது யாரு?

சென்னைக் கல்லூரிகளில் 'ரூட்டு தல' என்றொரு பதவி உண்டு, தெரியுமா? ஒவ்வொரு பஸ் ரூட்டுக்கும் ஒரு மாணவர் கோஷ்டி, அதற்கு ஒரு தல. 2019 ஜூனில் 'பஸ் டே' என்று பஸ் கூரையில் ஏறிக் கொத்தாக விழுந்தார்களே, அந்தக் கலாச்சாரம்தான்.

"இதனாலதான் பசங்களுக்கு எலெக்ஷனே கூடாது" என்கிறார்கள் பெரியவர்கள். அடங்கொக்கமக்கா! தல என்ன ஓட்டு வாங்கியா வந்தான்? தட்டிக் கேட்கப் பொறுப்பான பேரவை இல்லாவிட்டால் அந்த நாற்காலியில் அடாவடிதான் உட்காரும்.

விதிமுறை இல்லாமலா இருக்கிறது? லிங்டோ குழு சொன்னதை 2006-லேயே உச்ச நீதிமன்றம் அமல்படுத்தச் சொல்லிவிட்டது. செலவு 5,000 ரூபாய்க்குள், 75 சதவீத வருகை, அரியர் இருந்தால் நிற்க முடியாது. நியமன முறை வைத்தாலும் அது தற்காலிகம்தான், 5 ஆண்டுக்குள் தேர்தலுக்கு மாற வேண்டும்.

நம்ம நாமக்கல் பக்கம் நான் பார்த்தவரை பேரவைத் தலைவர் என்றால் நிர்வாகம் கைகாட்டும் நல்ல பையன். வேலை? ஆண்டு விழாவில் நன்றியுரை! லாரிக்காரர்களுக்குச் சங்கம் இருக்கிறது, முட்டை விலைக்கே ஒருங்கிணைப்புக் குழு இருக்கிறது. ஃபீஸ் கட்டுகிற நமக்கு?

தேர்தல் வையுங்கள். ஜெயித்த பேரவையே கோஷ்டிகளைக் கூப்பிட்டு விசாரிக்கட்டும். தப்பு செய்தால் அடுத்த வருஷம் தோற்கடிப்போம். ரூட்டு தலையை அப்படித் தோற்கடிக்க முடியுமா, சொல்லுங்க?