அலும்னியா, அலும்னாவா?

கல்லூரிகளைத் தர மதிப்பீடு செய்வதற்காக 1994-ல் 'நாக்' குழு அமைக்கப்பட்டது. கல்லூரியில் பழைய மாணவர் சங்கம் உண்டா, அது என்ன செய்திருக்கிறது என்றும் அக் குழு கேட்கிறது. ஆகவே சேலத்திலும் நாமக்கல்லிலும் 'அலும்னி' என்ற சொல் இப்பொழுது எல்லோர் வாயிலும் அடிபடுகிறது. சொல் பரவிய அளவுக்கு அதன் இலக்கணம் பரவவில்லை.

"நான் இக் கல்லூரியின் அலும்னி" என்கிறார் ஒருவர். "அலும்னிஸ் அனைவரும் வருக" என்கிறது ஓர் அழைப்பிதழ். இரண்டும் பிழை. இது இலத்தீன் சொல். மாணவன் ஒருவன் அலும்னஸ். மாணவி ஒருத்தி அலும்னா. ஆண்கள் பலரோ, ஆணும் பெண்ணும் கலந்தோ கூடினால் அலும்னி. பெண்கள் மட்டும் கூடினால் அலும்னே. அலும்னி என்பதே பன்மை. அதன்மேல் இன்னொரு பன்மை எதற்கு?

தமிழருக்கு இது கடினமே அல்ல. மாணவன், மாணவி, மாணவர் என்று பால் பிரித்துப் பேசுகிறவர்கள் நாம். 'அவள் வந்தான்' என்றால் சிறு குழந்தையும் சிரிக்கும். ஆங்கிலேயர் தடுமாறுவதில் வியப்பில்லை, நாம் தடுமாறலாமா?

இது வெறும் இலக்கணச் சண்டையன்று. நாமக்கல்லில் கவிஞர் இராமலிங்கம் பெயரால் அரசு மகளிர் கலைக் கல்லூரி நடக்கிறது. சேலத்திலும் அரசு மகளிர் கலைக் கல்லூரி உண்டு. தங்கள் குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறிய பெண்கள் அங்கே பலர். அரும்பாடு பட்டுப் பட்டம் பெற்றவர்களை ஆண்பாற் பெயரால் அழைப்பது முறையாகுமா?

சொல்லின் பொருளோ மிக இனியது. ஊட்டி வளர்க்கப்பட்ட பிள்ளை என்பதே அலும்னஸ். கல்லூரியை 'அல்மா மாத்தர்', அதாவது ஊட்டும் தாய் என்பதும் அந்த உறவினால்தான். தாயை மறவாத பிள்ளைகள் கூடும் இடமே சங்கம். ஆண்டுக்கொரு விருந்தோடு அந்தக் கடன் தீர்ந்துவிடாது. ஏழை மாணவிக்குக் கட்டணம், நூலகத்துக்குப் புத்தகம் என்று அது தொடர வேண்டும்.

இலத்தீன் தொல்லை வேண்டாம் என்பவர்களுக்கு நம் மொழியிலேயே வழி இருக்கிறது. யாழ்ப்பாணத்தார் இன்றும் 'பழைய மாணவர் சங்கம்' என்றே எழுதுகின்றனர். மகளிர் கல்லூரிக்கு 'முன்னாள் மாணவியர் சங்கம்' என்பது எவ்வளவு பொருத்தம்! பெயர்ப் பலகை எழுதக் கொடுக்குமுன் சங்கத்தார் இதைச் சற்றே சிந்திப்பார்களாக.